எலாஸ்டிக் கட்டிய ஹேண்ட்பிரேக்

எந்த வியாபாரியும் தன் சொந்தச் சரக்கை முழுசாக நம்பிவிடக் கூடாது. எங்கள் தெருவில் பலகாரக் கடை வைத்திருப்பவர் வீட்டு விசேஷத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்துதான் பலகாரம் வாங்குவார். செருப்புக்கடைக்காரர் கோயமுத்தூர் போய்ச் செருப்பு வாங்குவார். விவரமானவர்கள். நான் ஜட்டிகளின் இடுப்பில் தைக்கும் எலாஸ்டிக் பட்டை தயாரிப்பவன். அந்தப் பட்டையை நம்பி ஒரு காரையே கட்டி நிறுத்தியவன் திருப்பூர் வட்டாரத்தில் நான் ஒருவன்தான்.

இந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. கல்யாணம், வளைகாப்பு, புதுவீடு புகுதல் என்று எங்கே போனாலும், நான் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் யாராவது தொடங்கிவிடுவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து, என் கதையை மற்றவர்களோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வருடத்துக்கு வருடம் கதையில் வரும் சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகிறது. கடைசியாகக் கேட்டபோது என் கார் ஒரு சாக்கடையைத் தாண்டிக் குதித்தது. (குதிக்கவில்லை. அங்கே சாக்கடையே இல்லை.) மறுத்துப் பேசித் தெம்பு போய்விட்டது. நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அடுத்த விசேஷத்தில் இதை எடுத்து நீட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று ஓர் ஆசை.

நாற்பதைத் தொட்டதும் ஆண்களுக்கு ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு அரசியல். எனக்குக் கார் ராலி வந்தது. மண் தடத்தில் கார்கள் புழுதி பறக்கச் சுழன்று திரும்புவதை ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனேன். திரும்பி வரும்போது எனக்கு வேறு புத்தி வந்திருந்தது. பழைய கார் ஒன்றை வாங்கினேன். பின் சீட்டைக் கழற்றி எறிந்தேன். உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு அடித்தேன். என் மனைவி சுமதி அந்தக் கூண்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல உங்களயத்தான் அடைக்கப் போறாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இதற்கெல்லாம் துணை நின்றவன் ராபர்ட். நாசரேத்துப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து, கட்டிங் மாஸ்டர் ஆகி, அது அலுத்துப்போய் பல்லடம் ரோட்டில் கார் ஷெட் போட்டவன். எனக்கு மெக்கானிக்கும் அவன்தான், பந்தயத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவனும் அவன்தான். தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருப்பதாக அவன் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. வழியும் அப்படித்தான் சொல்வான்.

முதல் பந்தயத்தில் கடைசிக்கு முந்தின இடம் பிடித்தோம். (கடைசி ஆளின் வண்டி பாதியில் நின்றுவிட்டது.) காரணம், கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுத்துப் பின் சக்கரங்களை ஒரு கணம் பூட்டினால், வண்டியின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்று தானாகத் திரும்பிவிடும். என் காரில் கம்பெனி கொடுத்த ஹேண்ட்பிரேக். தோள் கழன்றுவிடும்படி இழுத்தாலும் கேபிள்தான் நீண்டது, சக்கரம் தன் பாட்டுக்கு உருண்டது. நான் ஒவ்வொரு வளைவிலும் டவுன் பஸ் டிரைவர் மாதிரி ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றித் திருப்பினேன்.

"பின் பிரேக்க மொத்தமா மாத்துதோம் அண்ணாச்சி. நீங்க ஒண்ணும் கவலப்படாதீய" என்றான் ராபர்ட். அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

பின் சக்கரங்களில் இருந்த டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த டிஸ்க் பிரேக்கை மாட்டினான். அது எங்கள் காரைவிட ரொம்பப் பெரிய கார் ஒன்றிலிருந்து வந்தது. முதல் ஓட்டத்தில், துணி ரோல் ஏற்றிப் போன டெம்போ ஒன்றின் பின்னால் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. ஆனால் வந்த வழியைப் பார்த்து நின்றது. முன் பிரேக்கைவிடப் பின் பிரேக்குக்குப் பலம் கூடிப்போனால் அப்படித்தான் ஆகுமாம். ராபர்ட் இறங்கி, டயர் தடத்தைப் பார்த்து, "பிடிக்குதுல்லா?" என்றான் பெருமையாக. அப்புறம் பின்பக்கம் போகும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு வைத்தான்.

அடுத்தது ஹேண்ட்பிரேக். சாதாரணக் காரில் இழுத்தால் டிக் டிக் என்று பல்லில் மாட்டிக்கொண்டு, நாம் இறங்கிப் போய்ச் சாப்பிட்டு வரும்வரை பிடித்து நிற்கும். ராலிக் காரில் அது ஆகாது. வளைவில் இழுத்த கையோடு விட்டுவிட வேண்டும் என்பதால் பல்லே கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு நீளமான லீவர். இழுத்தால் பிரேக் ஆயில் நேராகப் பின் சக்கரத்துக்குப் போய் இறுக்கும். கையை எடுத்தால் அவ்வளவுதான், வண்டி அனாதை.

"இது நிப்பாட்டுத பிரேக் இல்ல அண்ணாச்சி, திருப்புத பிரேக்கு. எங்க விட்டாலும் சக்கரத்துக்குக் கல்லு வச்சிட்டுதான் எறங்கணும்" என்றான் ராபர்ட். சொன்னதோடு பழைய லீவரையும் கேபிளையும் பிடுங்கி எறிந்தான். அந்த இடத்தில், இரண்டு சீட்டுக்கும் நடுவே, கை நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளத்தின் அடியில் ரோடு தெரிந்தது. அதை அடைக்கத் தகடு வெட்ட வேண்டும். தகடு போட்டால் எடை கூடும் என்று நான் சொல்லிவிட்டேன். (அந்த வருடம் முழுக்க எனக்கு எடைப் பைத்தியம். பாட்டரியைக்கூட மாற்றி, மோட்டார் சைக்கிள் பாட்டரியைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒன்றை வைத்திருந்தேன். இஞ்சின் சூடாக இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, தள்ளத்தான் வேண்டும்.) ராபர்ட் ஒரு பனியன் துணியைச் சுருட்டி அந்த ஓட்டையில் செருகினான். எனக்குச் சாவி, சில்லறை வைக்க வசதியான பெட்டி ஒன்று கிடைத்தது.

இப்போது என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருடங்கள் குழந்தை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, ஏறாத முருகன் மலை இல்லை. விசேஷ வீடுகளில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பந்திக்குப் பின்னாலேயே நின்று பாத்திரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவளுக்கு யாழினி பிறந்தாள். யாழினிக்குக் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தாய்மாமன் கொண்டுவரும் தங்கத் தோட்டைப் போட்டுத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் நான். அக்கா போனில் சொன்னாள்:

"டேய், உன்னய நான் எதுக்கும் எதிர்பாத்ததில்ல. எங் கல்யாணத்தன்னிக்கு மோதரத்த ஊட்டுலயே வெச்சுட்டு வந்தவன் நீ. அதெல்லாம் போவுட்டு. இந்த ஒரு நாளு, நேரத்துக்கு வந்து பாப்பாவ மடில வெச்சுட்டு உக்காந்துக்கோ. அது போதும் சாமி எனக்கு."

நான் சத்தியம் செய்தேன். அதை மனதாரத்தான் செய்தேன் என்பதை இப்போதும் யாரும் நம்புவதில்லை.

விசேஷம் வீரபாண்டிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். காலையில் சுமதி எங்கள் வீட்டுக் காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு, சீர்த்தட்டு டெம்போவைக் கூட்டிக்கொண்டு முன்னால் கிளம்பினாள். நான் பைக்கில் வந்துவிடுவதாகப் பேச்சு. தோடு என் சட்டைப்பையில் இருந்தது, தீப்பெட்டியைவிடச் சிறிய சிவப்புப் பெட்டியில். போகிற வழியில் ராபர்ட்டின் ஷெட்டில் எட்டிப் பார்த்தேன். பிரேக் வேலை முடிந்து வண்டி தயாராக நின்றது. அடுத்த வாரம் பந்தயம்.

"புது பிரேக் பேடு அண்ணாச்சி. கொஞ்ச தூரம் ஓட்டி, பிடிச்சுப் பிடிச்சு விட்டாத்தான் டிஸ்க்கோட சேரும்" என்றான் ராபர்ட்.

வீரபாண்டி கொஞ்ச தூரம்தான் என்று எனக்குத் தோன்றியது. அதோடு, மண்டப வாசலில் அந்தக் காரில் போய் இறங்கினால் எப்படி இருக்கும் என்றும் தோன்றியது. சட்டைப்பையில் பெட்டி குத்தியதால் எடுத்து நடுப்பள்ளத்தில் வைத்தேன்.

மண்டப வாசலில் என்னை நானே வரவேற்றுக்கொண்டு நின்றேன். ஆளுயரத்தைவிடப் பெரிய பிளெக்ஸ் பேனர். கூலிங்கிளாஸ் போட்டு, இதே காரில் சாய்ந்துகொண்டு கும்பிடு போடும் என் படம். கீழே, "தாய்மாமன் சீர் கொண்டு வரும் எங்கள் ராலி சிங்கமே வருக!" (எழுத்தும் செலவும் ராபர்ட்.) பேனரைத் தாண்டிச் சரிவில் ஏறி, போர்டிகோவின் கீழ் வண்டியை வெட்டி நிறுத்தினேன். லீவரை இழுத்த வேகத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை வருடமும் அனுபவிக்கிறேன்.

இஞ்சினை அணைக்க முடியாது. அணைத்தால் அந்தப் பொடிப் பாட்டரியை வைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்ய முடியாது. ஓடுகிற இஞ்சினில் கியர் போட்டு விடவும் முடியாது. ஆகவே நியூட்ரல். சக்கரத்துக்குக் கல் வைக்கலாமென்றால் போர்டிகோவில் பளபளவென்று டைல்ஸ், ஒரு கூழாங்கல்கூட இல்லை. போர்டிகோவின் தரையும் லேசான சரிவு, லீவரிலிருந்து கையை எடுத்தால் வண்டி போய்விடும். வெளியே அக்கா ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்கு நடுவிலிருந்து, "எறங்குடா, நேரமாச்சு!" என்கிறாள். பக்கத்து சீட்டில், அருள்புரத்தில் ஜட்டிக் கம்பெனி வைத்திருக்கும் என் மச்சானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, அனுப்பிய எலாஸ்டிக்கின் சாம்பிள் சுருள் ஒன்று கிடந்தது. எனக்கு மூளை வேலை செய்தது.

லீவரை முழுக்க இழுத்துப் பிடித்து, பட்டையை நான்கைந்து சுற்றுச் சுற்றி, கூண்டின் குழாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். கையை மெல்ல எடுத்தேன். வண்டி அசையவில்லை. திருப்பூரில் எலாஸ்டிக் தொழில் செய்வதற்காக அன்று நான் பெருமைப்பட்டேன்.

இறங்கினேன். மச்சான் மாலை போட்டார். சந்தனம் வைத்தார்கள், பன்னீர் தெளித்தார்கள். மச்சானின் அக்கா வளர்மதி ஆரத்தித் தட்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். வளர்மதி, என் சாமர்த்தியத்தில் எப்போதும் நம்பிக்கை இல்லாதவர். நான் மண்டபத்தைப் பார்த்து நிற்கிறேன். எனக்குப் பின்னால் கார். எதிரே நின்ற கூட்டத்தின் கண்கள் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தன. ஒவ்வொரு வாயாகத் திறந்தது. வண்டியைப் பார்த்து அசந்துவிட்டார்கள் என்று நான் மார்பை நிமிர்த்தினேன்.

"அண்ணாச்சி..." என்று ராபர்ட்டின் குரல் கேட்டது. பைக்கில் பின்னாலேயே வந்திருந்தான். நான் திரும்பப் போனேன்.

"திரும்பாத தம்பி! ஆரத்தி சுத்தறப்ப திரும்பக் கூடாது!" என்று அதட்டினார் வளர்மதி. மாமன் சீர் வந்து நிற்கும்போது குற்றம் வரக்கூடாதே என்று நானும் அசையாமல் நின்றேன். வளர்மதி நிதானமாக மூன்றாவது சுற்றையும் சுற்றி, என் நெற்றியில் பொட்டு வைத்தார். வைத்துவிட்டு, "ம், இப்பப் பாரு" என்றார்.

பார்த்தேன். என் கார் யாரும் இல்லாமல், அவசரமே இல்லாமல், பின்பக்கமாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. இஞ்சின் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. நான் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாலை காலில் சிக்கியது. கார், பேனரில் இருந்த என் நெஞ்சின் வழியாக நுழைந்து, தெருவைக் கடந்து, எதிரே விடுமுறைக்காகப் பூட்டியிருந்த பனியன் வேஸ்ட் குடோனின் வாசலில் மலையாய்க் குவிந்திருந்த மூட்டைகளுக்குள் போய்ப் புதைந்தது. மூட்டைகள் அவிழ்ந்து, கட்டிங் துண்டுகள் எல்லா நிறத்திலும் வண்டியின் மேலும், கண்ணாடி இல்லாத ஜன்னல்கள் வழியாக உள்ளேயும் கொட்டின. யாருக்கும் அடிபடவில்லை. முருகனுக்கு நான் அன்றிலிருந்து கடன்பட்டிருக்கிறேன்.

"போவுட்டும் மாப்ள, வண்டிதானே. அப்பறம் பாத்துக்கலாம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார் மச்சான். "தோட்ட எடுங்க, ஆசாரி காத்துட்டு இருக்கறாரு."

நான் சட்டைப்பையைத் தடவினேன். தோடு வண்டிக்குள் இருந்தது.

பிறகு நடந்ததைத்தான் சொந்தக்காரர்கள் ரசித்துச் சொல்வார்கள். பட்டுப்புடவை, பட்டுவேட்டியில் வந்திருந்த இரண்டு பக்கத்து உறவும், மேளக்காரர்களும், சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பனியன் வேஸ்டுக்குள் இறங்கித் தேடினோம். ராபர்ட் வண்டிக்குள் தலைகீழாக நுழைந்து நடுப்பள்ளத்தில் கையை விட்டான். கை அந்தப் பக்கம் தரையைத் தொட்டது. அவன் செருகியிருந்த துணியையும் காணவில்லை. துணியைத் தேடுவதற்கு அதைவிடச் சிரமமான இடம் உலகத்தில் இருக்க முடியாது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆசாரி நல்ல மனிதர். "எங்கிட்டத் தங்கக் கம்பி இருக்குதுங்க. இப்போதைக்கு அதப் போட்டுக் குத்திடலாமுங்க" என்றார். மச்சானின் பங்காளிகளும் சரியென்றார்கள். அக்கா யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டப வாசலில் நின்றாள். கண்ணெல்லாம் தண்ணி.

"வேண்டாமுங்க. எந் தம்பி கொண்டாந்த தோட்டப் போட்டுத்தான் குத்தோணும். இல்லாட்டி இன்னிக்கு இல்லீன்னு விட்டுருங்க. இத்தன வருசம் காத்திருந்தவ, இன்னொரு நாளு காத்துக்க மாட்டனா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைக் கேட்டபோது, வேஸ்ட் குவியலுக்குள் முட்டி போட்டிருந்த நான், அப்படியே முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. தேடுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்போது போர்டிகோவிலிருந்து வளர்மதியின் குரல் வந்தது.

"இதத்தான் எல்லாரும் தேடறீங்களா?"

ஆரத்தி சுற்றினால் அந்தச் சிவப்புத் தண்ணியை வாசலில் கொட்ட வேண்டுமல்லவா? கார் போனாலும் உலகம் அழிந்தாலும் அதைக் கொட்டாமல் விடமாட்டார் வளர்மதி. கொட்டப் போன இடத்தில், என் கார் முதலில் நின்ற அதே டைல்ஸின் மேல், ஒரு பனியன் துணிச் சுருளும் அதன்மேல் சிவப்புப் பெட்டியும் கிடந்திருக்கின்றன. நான் ஸ்டைலாக வெட்டி நிறுத்திய குலுக்கலில் ஓட்டை வழியாகக் கீழே இறங்கியிருக்கிறது. கார்தான் ஊரைச் சுற்றியது, தோடு நின்ற இடத்திலேயே நின்றது.

"எப்பங்க கெடச்சுது?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"அப்பவே கெடச்சுது. நீ தேடற அழகக் கொஞ்சம் பாத்துட்டுத் தரலாம்னுதான்" என்றார். ஆனால் பெட்டியை அக்காவின் கையில் வைத்து, அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டதும் அவர்தான்.

நல்ல நேரம் முடிவதற்குள் யாழினி என் மடியில் உட்கார்ந்தாள். தலையிலும் மாலையிலும் கலர் கலராகப் பனியன் நூலோடு நான் உட்கார்ந்திருக்கும் அந்தப் படம்தான் அக்கா வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. ஊசி இறங்கியபோது குழந்தை வீறிட்டாள். கூடவே நானும் அழுதேன். அதையும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பந்தியில் மச்சான் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார். லீவரில் நான் கட்டியிருந்த எலாஸ்டிக். அதை இலைக்கு மேலே இழுத்துப் பார்த்தார், விட்டார். இழுத்த இடத்திலேயே சோர்ந்து தொங்கியது.

"மாப்ள, இது போன வாரம் எனக்கு அனுப்ச்ச லாட்டுதானே?"

நான் ரசத்தைக் குடித்தேன்.

"இல்ல, ஒரு காரப் புடிக்கோணும்னு நான் சொல்லல மாப்ள. ஒரு ஜட்டியாவது நிக்கோணுமல்லோ?"

அந்தப் பந்தியில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். எல்லார் கையும் இலையில் நின்றுவிட்டது. திங்கட்கிழமை அந்த லாட் சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எந்தக் கம்பெனிக்குச் சாம்பிள் கொண்டுபோனாலும், "ஹேண்ட்பிரேக் சரக்கு இல்லீங்களே?" என்று ஒரு முறை கேட்காமல் வாங்க மாட்டார்கள். ராலிக் காரை விற்றுவிட்டேன். லீவரை மட்டும் கழற்றி என் யூனிட் சுவரில் மாட்டியிருக்கிறேன். இன்றுவரை எந்த லாட் ஓடினாலும், ஒரு துண்டை வெட்டி அதில் இழுத்துக் கட்டி, மறுநாள் அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். சரக்கு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அதைச் சொன்னால்தான் யாரும் கேட்பதில்லை.

போன மாதம் மச்சான் புதுக் கார் எடுத்தார். பூஜை போட முருகன் கோயில் அடிவாரத்துக்குக் கூப்பிட்டார்கள். சூடம் காட்டி, குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். இப்போது பள்ளிக்கூடம் போகிற யாழினி, காதில் அதே தோட்டோடு, எங்கிருந்தோ ஒரு பெரிய கல்லைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து பின் சக்கரத்துக்கு அடியில் போட்டாள்.

"எதுக்குக் கண்ணு கல்லு? அதான் பழம் வெச்சாச்சே?" என்றார் குருக்கள்.

"பழம் பத்தாதுங்க சாமி. எங்க மாமா வந்திருக்காருங்க."

குருக்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது வந்துங்க சாமி, அப்ப பாப்பாவுக்குக் காது குத்து. மண்டபம் பாத்தீங்கன்னா, நல்ல மேட்டுல இருக்குது..."

சரிவு இந்த முறை எவ்வளவு உயரம் போகும் என்று அவர் குரலிலேயே தெரிந்துவிட்டது. இன்னொரு பின் சக்கரத்துக்குக் கல் இல்லை. நான் தேடப் போனேன்.